விதைப்புக் கருவியின் மின்பெட்டி பழுதானால் என்ன செய்யலாம்?

மானாவாரி விதைப்பில் ஈரம் நமக்காகக் காத்திருப்பதில்லை. புரட்டாசியில் ஒரு நல்ல மழை பெய்து, கரிசல் மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்தவுடன் மூன்று நான்கு நாட்களுக்குள் மக்காச்சோளத்தைப் போட்டாக வேண்டும். அந்த நேரம் பார்த்து, டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய விதைப்புக் கருவியின் மின்பெட்டி அணைந்துவிட்டால் வேலை அப்படியே நின்றுவிடும். புதுப்பெட்டிக்குச் சொல்லி அனுப்பினால் அது வந்து சேருவதற்குள் பட்டமே தவறிப்போகலாம். பழைய கருவி என்றால் அந்தப் பெட்டியைத் தயாரிப்பதையே நிறுத்தியிருப்பார்கள். இரும்பெல்லாம் நன்றாக இருக்க, ஒரு சிறு பெட்டிக்காகக் கருவி முழுவதும் கொட்டகையில் முடங்குவது பெரிய நஷ்டம்.

இப்படிப்பட்ட சமயத்தில் வேலையை நடத்திக் கொள்ளும் வழியைப் பார்ப்போம். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பட்டறை வேலை தெரிந்த ஒருவரும், ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக்கில் மின்னணுப் பாடம் படித்த ஓர் இளைஞரும் சேர்ந்தால் செய்துவிடலாம். ஆனால் விதைப்பு நாளன்று தொடங்கினால் நடக்காது. சித்திரை, வைகாசியில் கை ஓய்வாக இருக்கும்போதே செய்து, ஓட்டிப் பார்த்து வைத்துக் கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் ஓடும் விதைப்புக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் மின்சாரமே கிடையாது. தரைச் சக்கரம் உருளுகிறது. சங்கிலியும் பல்சக்கரமும் அந்தச் சுழற்சியை விதைத் தட்டுக்குக் கொண்டு போகின்றன. தட்டின் குழிகள் விதையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொழுவின் பின்னே விடுகின்றன. டிராக்டர் வேகமாகப் போனால் தட்டும் வேகமாகச் சுற்றும், மெதுவாகப் போனால் மெதுவாகச் சுற்றும். ஆகவே விதை இடைவெளி மாறுவதில்லை. மின்சாரத்தில் ஓடும் கருவியிலும் நடப்பது இதேதான். சங்கிலிக்குப் பதிலாக, சக்கரத்தின் அருகே ஓர் உணர்வி இருந்து சுற்றை எண்ணுகிறது. பெட்டி அந்த எண்ணிக்கையைப் பார்த்து ஒரு 12 வோல்ட் மோட்டாரைத் தக்க வேகத்தில் ஓட்டுகிறது. சில கருவிகளில் விதைக் குழாயிலும் ஒரு மின்கண் இருக்கும். விதை விழாவிட்டால் மணி அடிக்கும். ஆக, அந்தப் பெட்டி செய்வது ஒரு பல்சக்கரத்தின் வேலைதான் என்று தெரிந்து கொண்டால் பாதி பயம் போய்விடும்.

வெளிநாட்டுப் பெரிய விவசாயிகளுக்கும் இதே தொல்லை உண்டு. கனடாவின் மேற்குச் சமவெளியில் விதைப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் மே மாதம் ஒன்றுதான். தாமதித்தால் அறுவடைக்கு முன் உறைபனி வந்துவிடும். அங்கே காற்றின் மூலம் விதையைக் குழாய்களில் தள்ளிக் கொண்டுபோகும் மிகப்பெரிய கருவிகள் ஓடுகின்றன. இவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பழையனவாகிப் பழுதானபோது, விவசாயிகளே ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகையைக் கொண்டு மாற்று செய்து கொள்ளத் தொடங்கினர். இந்தப் பலகை 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டது. இதன் வரைபடத்தை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆல்பர்ட்டா மாகாண விவசாயியான பிரையன் டிஷ்லர் என்பவர் டிராக்டரை நேர்கோட்டில் செலுத்தவும், விதைப்புப் பகுதிகளை இயக்கி நிறுத்தவும் 'ஆக் ஓப்பன் ஜி.பி.எஸ்.' என்ற மென்பொருளை எழுதி எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தார். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நான்கு வரிசைக் கருவி ஒன்று ஒழுங்காக ஓடினால் போதும்.

பெட்டியைக் குறை சொல்லும் முன்னர் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். பெட்டி செத்துப் போயிற்று என்று சொல்லப்படும் கருவிகளில் பல, உண்மையில் ஒயர் கெட்ட கருவிகளாகத்தான் இருக்கும். கொட்டகையில் எட்டு மாதம் நிற்கும்போது எலி ஒயரைக் கடிக்கிறது. உரத்தூள் படிந்து இணைப்பு முனைகள் பச்சை பூத்துப் போகின்றன. எர்த் ஒயர் மாட்டிய போல்ட்டில் துரு ஏறுகிறது. ஆகவே ஒரு மல்டிமீட்டரை வைத்துக் கொண்டு பாட்டரியிலிருந்து தொடங்கி வரிசையாக வாருங்கள். பாட்டரியில் 12 வோல்ட் இருந்து, பெட்டிக்குள் நுழையும் ஒயரில் 9 அல்லது 10 வோல்ட்தான் இருந்தால் குறை வழியில்தான் இருக்கிறது. இந்த அளவை மோட்டார் ஓடும்போது எடுக்க வேண்டும். சும்மா இருக்கும்போது துருப்பிடித்த இணைப்பும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும்.

அடுத்து ஃபியூஸ். அதற்கும் அடுத்து உணர்வி. சக்கரத்தின் அருகிலுள்ள உணர்வியின் பின்புறம் பெரும்பாலும் ஒரு சிறு விளக்கு இருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றினால், இரும்பு எதிரே வரும்போதெல்லாம் அது மின்ன வேண்டும். மின்னாவிட்டால் இடைவெளியைப் பாருங்கள், 12 மி.மீ. பருமனுள்ள உணர்விகள் பல 4 மி.மீ. தூரத்துக்குள் வரும் இரும்பைத்தான் அறியும். சேறு தட்டித் தாங்கி வளைந்து, இடைவெளி அகன்றிருக்கலாம். விதைக் குழாயின் மின்கண்ணில் விதைநேர்த்தி மருந்துத் தூள் படிந்தால், விதை விழுந்தாலும் அதற்குத் தெரியாது; பாட்டில் கழுவும் பிரஷ் ஒன்று போதும், துடைத்துவிடலாம். கடைசியாக, மோட்டாரின் ஒயரைக் கழற்றி ஃபியூஸ் வழியாகப் பாட்டரியில் நேரே கொடுத்துப் பாருங்கள். மோட்டார் ஓடுகிறது, உணர்வி மின்னுகிறது, ஒயர்களும் நன்றாக உள்ளன, ஆனாலும் கருவி இயங்கவில்லை என்றால்தான் பெட்டி கெட்டது என்று பொருள்.

அப்போதும் உடனே மின்பலகை வாங்க ஓட வேண்டாம். கருவியில் தரைச் சக்கரம் இருந்து, அதிலிருந்து விதைத் தட்டின் அச்சுக்குச் சங்கிலி கொண்டு போக இடமும் இருந்தால், சங்கிலி மாட்டிவிடுவதே மேல். அதற்கு ஃபியூஸ் வேண்டாம், படித்த ஆள் வேண்டாம். இரவு பத்து மணிக்கு அறுந்தாலும் ஊர்ச் சைக்கிள் கடையில் பதில் கிடைக்கும். எத்தனைப் பல் உள்ள சக்கரம் போடுவது என்று கணக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கணக்கு மின்பெட்டிக்கும் தேவை என்பதால் இங்கே விரிவாகவே சொல்லலாம்.

வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. என்பது வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் பரிந்துரை. விதைத் தட்டில் 20 குழிகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். தட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் 20 விதை, 25 செ.மீ. வீதம் அது 5 மீட்டருக்குப் போதும். தரைச் சக்கரத்தின் குறுக்களவு 50 செ.மீ. என்றால் அதன் சுற்றளவு 157 செ.மீ. எனவே 5 மீட்டர் போவதற்குள் சக்கரம் 3.18 தடவை சுற்றும். அதாவது சக்கரம் 3.18 சுற்றுக்குத் தட்டு 1 சுற்று. சக்கரத்தில் 14 பல், தட்டின் அச்சில் 44 அல்லது 45 பல் என்று போட்டால் ஏறக்குறைய சரியாக வரும். பல் கிடைக்காவிட்டால் இரண்டு கட்டமாகக் குறைத்துக் கொள்ளலாம்.

சங்கிலி கொண்டு போக வழியே இல்லாத கருவிக்குத்தான் மின்வழி. அதற்கு வேண்டியவை: ஓர் ஆர்டுயினோ பலகை, இரும்பை அறியும் உணர்வி இரண்டு, மோட்டாரை இயக்கும் டிரைவர் பலகை ஒன்று, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சிறு பலகை ஒன்று. சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற நகரங்களின் மின்னணுக் கடைகளிலும் இவை கிடைக்கின்றன. கருவியின் மோட்டார் நன்றாக இருந்தால் அதையே வைத்துக் கொள்ளலாம். அதுவும் கெட்டிருந்தால், பழைய லாரி அல்லது காரின் வைப்பர் மோட்டாரைப் போன்ற தோதான மோட்டார் வேறில்லை. இதன் உள்ளே புழுப் பல்சக்கரம் இருப்பதால் மெதுவாகவும் வலுவாகவும் சுற்றும். நிறுத்தினால் தட்டு பின்னோக்கி உருளாது. வாங்கும்போது அதன் வோல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். லாரிகளில் 24 வோல்ட் மோட்டார்களும் உண்டு.

டிராக்டர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்கு 1.11 மீட்டர். 25 செ.மீ. வீதம் விநாடிக்கு நாலரை விதை, அதாவது தட்டு நிமிடத்துக்கு 13 சுற்று. வைப்பர் மோட்டாரின் வேகம் இதைவிட அதிகம். மோட்டாரில் 18 பல் உள்ள சைக்கிள் பல்சக்கரமும், தட்டின் அச்சில் 48 பல் உள்ள பெரிய சக்கரமும் போட்டால் மோட்டார் நிமிடத்துக்கு 35 சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கும். 5 கிலோமீட்டர் வேகத்தில் 44 சுற்று. இது அதற்கு ஏற்ற வேகம். நான்கு தட்டும் ஒரே அச்சில் இருந்தால் ஒரு மோட்டார் போதும். ஆனால் அச்சைக் கையால் சுற்றும்போதே கனமாக இருந்தால் முதலில் பேரிங்கையும் தட்டுகளையும் சுத்தம் செய்ய வேண்டும். மோட்டாரை மாற்றிப் பயனில்லை.

தரைச் சக்கரத்தின் உட்புறம் சம இடைவெளியில் 8 போல்ட் தலைகளைப் பற்றவைத்து, அவற்றின் எதிரே ஓர் உணர்வி. மோட்டாரின் வெளி அச்சில் 8 போல்ட் உள்ள சிறு தகடு ஒன்றை மாட்டி, அதன் எதிரே இன்னோர் உணர்வி. இப்போது இரண்டு எண்ணிக்கைகள் வருகின்றன. 5 மீட்டருக்குச் சக்கரம் 25.5 துடிப்பு தரும். அதே தூரத்துக்குத் தட்டு ஒரு சுற்று, மோட்டார் 2.67 சுற்று, 8 போல்ட் வீதம் 21.3 துடிப்பு. அதாவது சக்கரம் 100 துடிப்புக் கொடுத்தால் மோட்டார் ஏறக்குறைய 84 கொடுக்க வேண்டும்.

ஆர்டுயினோவில் எழுத வேண்டிய நிரல் இந்த ஒரு கணக்கைத்தான் பார்க்கிறது. மளிகைக்கடைப் பற்று வரவு போல எண்ணிக் கொள்ளுங்கள். சக்கரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் மோட்டாரின் கணக்கில் 0.84 பற்று எழுதப்படுகிறது. மோட்டார் சுற்றித் துடிப்புக் கொடுக்கும்போது 1 வரவு வைக்கப்படுகிறது. பாக்கி ஏறினால் மோட்டாருக்கு அதிக மின்சாரம். பாக்கி தீர்ந்து முன்பணம் ஆகிவிட்டால் குறைவு. வேகத்தை மட்டும் ஒப்பிடும் முறையில் சிறு சிறு பிழைகள் சேர்ந்து வயலின் கோடியில் பத்து விதை கூடவோ குறையவோ செய்யும். பாக்கிக் கணக்கு முறையில் அந்தப் பிழை சேருவதில்லை. நிரல் எழுதும் இளைஞரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். படித்தவர்கள் வேகத்தைத்தான் முதலில் பிடித்துக் கொள்வார்கள்.

இன்னும் மூன்று அம்சங்களை நிரலில் சேர்க்கச் சொல்ல வேண்டும். சக்கரத் துடிப்பு ஒரு விநாடி வராவிட்டால் மோட்டார் நின்றுவிட வேண்டும். பாக்கி ஐந்துக்கு மேல் போய் இரண்டு விநாடி அப்படியே நின்றால் மணி அடிக்க வேண்டும். தட்டில் கல் சிக்கியதும், மோட்டார் வலுவிழந்ததும் அதில் தெரிந்துவிடும். மூன்றாவது, ஒரு பொத்தான். கருவியை இறக்கியதும் தட்டின் குழிகள் காலியாக இருந்தால் முதல் சில அடிகளில் விதை விழாது. புறப்படும் முன் பொத்தானை அழுத்தித் தட்டை நிரப்பிக் கொண்டால் வரப்பு ஓரம் வெறுமையாகப் போகாது. ஹைட்ராலிக்கில் கருவியைத் தூக்கும்போது சக்கரம் சும்மா சுழலும் என்பதால், தூக்கும் கையில் ஒரு சுவிட்ச் வைத்து அப்போது மோட்டாரை நிறுத்துவதும் அவசியம்.

மின்சார இணைப்பில்தான் வீட்டுக் கருவிகள் பலவும் கெட்டுப் போகின்றன. டிராக்டரின் 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். ஸ்டார்ட் செய்யும்போது 9 வோல்ட்டுக்கும் கீழே விழும். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு ஏறும். இடையே ஒரு நொடி பல மடங்கு எகிறவும் செய்யும். ஆகவே பெட்டிக்கென்று பாட்டரியிலிருந்தே தனியாக இரண்டு ஒயர் கொண்டு வர வேண்டும். டிராக்டரின் உடலை எர்த் ஆக நம்ப வேண்டாம். பாட்டரி முனையின் அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தால் வழியில் ஒயர் உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது. எகிறும் மின்னழுத்தத்தை விழுங்கும் டி.வி.எஸ். டயோடு என்ற சிறு உறுப்பை நுழைவாயிலில் போடச் சொல்லுங்கள். என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே பெட்டியின் சுவிட்சைப் போடுங்கள். கருவியில் வெல்டிங் வைக்கும்போது பெட்டியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்; மறந்தால் பலகை அன்றோடு போயிற்று.

உணர்வியில் பழுப்பு, நீலம், கறுப்பு என்று மூன்று ஒயர் இருக்கும். பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு செய்தி கொண்டு வருவது. ஆர்டுயினோ 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. கறுப்பு ஒயரைப் பலகையில் மாட்டும் முன், எதிரே இரும்பு இருக்கும்போதும் இல்லாதபோதும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். எந்த நிலையிலாவது 12 வோல்ட் காட்டினால் நேரே மாட்டக் கூடாது. நடுவே ஆப்டோ கப்ளர் என்ற தடுப்பு உறுப்பு வைக்க வேண்டும். இந்த உணர்வி ஒயரை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டினால் பொய்த் துடிப்புகள் வரும். இரண்டையும் கருவியின் இரு பக்கமாகக் கொண்டு போவது நல்லது.

வைப்பர் மோட்டாரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல மோட்டார்களில் வெளிக்கூடே மைனஸ். கருவியின் இரும்பில் அதைப் போல்ட் செய்த உடனே மைனஸ் சேர்ந்துவிடும். மைனஸ் பக்கத்தைத் திறந்து மூடும் மலிவான டிரைவர் பலகையை இதனுடன் மாட்டினால் மோட்டார் நிற்காமல் முழு வேகத்தில் ஓடும். பிளஸ் பக்கத்தை இயக்கும் டிரைவரைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது மோட்டாருக்கும் கருவிக்கும் நடுவே ரப்பரும் நைலான் வாஷரும் வைத்துப் பிரிக்க வேண்டும். சிக்கிக் கொண்ட வைப்பர் மோட்டார் ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும் என்பதால், டிரைவர் 30 ஆம்பியராவது தாங்குவதாக இருக்கட்டும்.

பலகைகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, ஒயர் நுழையும் துளைகளைக் கீழ்ப்பக்கமாக அமைத்தால் மழைநீர் உள்ளே போகாது. விதைப்புக் காலத்துத் தூசும் ஆட்டமும் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருகும் முனைகளை நம்பாமல் ஈயப் பற்று வைப்பது மேல்.

இனி அளவு பார்த்தல். இதைச் செய்யாமல் வயலில் இறங்குவது வீண். முதலில் கருவியை இறக்கி, விதை இல்லாமல், விதைக்கப்போகும் அதே மாதிரி மண்ணில் நாடா பிடித்து 50 மீட்டர் ஓட்டுங்கள். கணக்குப்படி 255 துடிப்பு வர வேண்டும். பொலபொலப்பான மண்ணில் சக்கரம் சறுக்கும் என்பதால் 240 மட்டும் வரலாம். அப்படியானால் ஒரு துடிப்புக்குத் தூரம் 19.6 செ.மீ. அல்ல, 20.8 செ.மீ. அந்த எண்ணையே பெட்டியில் போட வேண்டும். சறுக்கலும் கணக்கில் அடங்கிவிடும். மணல் நிலத்துக்கும் கரிசலுக்கும் இது வேறுபடும். இரண்டுக்கும் தனித்தனியே எழுதி வையுங்கள்.

பிறகு கருவியைத் தூக்கி, அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு குழாயிலும் ஒரு பை கட்டிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இந்தச் சோதனையின்போது மட்டும் தூக்கு சுவிட்சை மூடி வைக்க வேண்டும். தூரக் கணக்கை 19.6 என்றே வைத்தால் 32 சுற்று என்பது 50 மீட்டர். வரிசைக்கு 200 விதை விழ வேண்டும். 195க்குக் குறைந்தாலும் 205க்கு மேல் போனாலும் எந்த வரிசையில் குறை என்று தேடுங்கள். ஒரே ஒரு வரிசை மட்டும் பிசகினால் குறை தட்டில். எல்லாம் ஒரே அளவாகப் பிசகினால் குறை எண்ணில். சக்கரத்தை மிக மெதுவாகச் சுற்றினால் மோட்டார் திணறி நின்று நின்று ஓடும். 4 கிலோமீட்டர் வேகத்துக்குச் சக்கரம் ஒன்றரை விநாடிக்குள் ஒரு சுற்றுப் போக வேண்டும். கையும் அந்த வேகத்தில் சுற்றட்டும்.

நிலக்கடலைக்கு எடையைக் கொண்டு பார்க்கலாம். 30 செ.மீ. இடைவெளியில் 5 வரிசை என்றால் அகலம் ஒன்றரை மீட்டர். ஏக்கரில் ஐம்பதில் ஒரு பங்கு விதைக்க 54 மீட்டர் ஓட வேண்டும். அது 34 சுற்றும் கொஞ்சமும். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு என்றால் எல்லாப் பைகளிலும் சேர்த்து 1 கிலோ இருக்க வேண்டும். தராசு தெருக்கடையிலேயே இருக்கிறது.

தூக்கிய கருவியின் அடியில் முட்டுக் கொடுக்காமல் தலை நீட்டக் கூடாது. மோட்டார் சங்கிலிக்குத் தகர மூடி போட வேண்டும். காற்றுறிஞ்சும் வகைக் கருவியானால் பி.டி.ஓ. தண்டு சுற்றும்போது வேட்டி, துண்டுடன் அருகே போகக் கூடாது. சோதனையின்போது சிறுவர்களைத் தள்ளி நிறுத்துங்கள். மோட்டார் எப்போது கிளம்பும் என்று அதற்கே தெரியாது.

வாடகை மையத்துக் கருவியையும், உத்தரவாதக் காலம் முடியாத கருவியையும் திறக்க வேண்டாம். மானியத்தில் வாங்கியதானால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக் கொண்டு கை வையுங்கள். வாங்கியவனே தன் கருவியைப் பழுது பார்க்கலாமா என்பது இன்று பல நாடுகளில் வழக்காகவே இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் பண்ணைக் கருவிகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, பழுது பார்க்கும் கையேடுகளையும் உதிரிப் பாகங்களையும் விவசாயிக்குத் தர வேண்டும் என்றது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுது பார்க்கும் உரிமை இணையதளத்திலும் பண்ணைக் கருவிகள் ஒரு பிரிவாக உள்ளன. விற்பவரிடம் கருவியை வாங்கும் அன்றே ஒயரிங் படத்தைக் கேட்டு வாங்கிவிடுவது நமக்கு இதையெல்லாம்விடக் கைகண்ட வழி. பணம் கொடுக்கும் முன்னர் கேட்டால் கிடைக்கும்.

வேலை முடிந்ததும் எந்த நிற ஒயர் எங்கே போகிறது, 50 மீட்டருக்கு எத்தனைத் துடிப்பு, எந்தப் பயிருக்கு எந்த எண் என்பதைத் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அதே நிரல் ஏற்றிய இன்னோர் ஆர்டுயினோவையும் இரண்டு ஃபியூஸையும் டிராக்டரின் கருவிப் பெட்டியில் போட்டு வைத்தால், விதைப்பு நடுவில் பலகை போனாலும் அரை மணியில் மாற்றிவிட்டு மறு சாலுக்குப் போகலாம்.